ஃப்ளைட் சிமுலேட்டருக்கு எந்த ப்ளேன் வாங்கலாம்? ஏ2ஏ கொமான்சி, ஃபீனிக்ஸ் ஏ320, அப்புறம் ஃப்ரீயா கிடைக்கிறது

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் (கம்ப்யூட்டர்ல ப்ளேன் ஓட்டுற கேம், சுருக்கமா எம்எஸ்எஃப்எஸ், இல்லன்னா வெறும் சிம்) வாங்கின எல்லாரும் முதல் வாரம் பண்றது ஒரே வேலை தான், சொந்த ஊர தேடிப் போய் நம்ம தெரு, நம்ம ஸ்கூல், நம்ம கம்மாய் எல்லாம் மேல இருந்து தெரியுதான்னு பாக்கறது. அதுவும் நல்லா தான் இருக்கும், பிங் மேப்ஸோட சேட்டிலைட் படத்த நெட் வழியா இழுத்து மொத்த பூமியையும் காட்டுறாங்க, வெளிய மழை பெஞ்சா சிம்லயும் மழை பெய்யுது. அதுக்கப்புறம் தான் அடுத்த கேள்வி வருது. கூட வர்ற ப்ளேன்லாம் சுத்திப் பாக்க போதும், ஆனா ஓட்டிக் கத்துக்கணும்னா தனியா ஒரு ப்ளேன் வாங்கணுமா, வாங்கினா எது? இந்த கேள்விய என்கிட்ட அடிக்கடி கேக்கறாங்க, அதனால நான் நெறைய ஓட்டின ரெண்டு ஆட்ஆன் (சிம்முக்குள்ள தனியா சேத்துக்கிற ப்ளேன்) பத்தி விவரமா எழுதிடறேன், மத்தத போற போக்குல சொல்றேன்.

முதல்லயே என்னோட அளவுகோல சொல்லிடறேன். ஒரு ஆட்ஆன் நல்லதா இல்லையான்னு நான் பாக்கறது ஒண்ண வச்சு தான்: நாம தப்பு பண்ணா அந்த ப்ளேன் என்ன பண்ணுது. எல்லாம் சரியா பண்ணும்போது எல்லா ப்ளேனும் பறக்கும், ஐநூறு ரூபா ப்ளேனும் பறக்கும் அஞ்சாயிரம் ரூபா ப்ளேனும் பறக்கும். கடையில போட்டிருக்கிற ஸ்க்ரீன்ஷாட் எல்லாமே அழகா தான் இருக்கும், சாயங்கால வெயில்ல ஆல்ப்ஸ் மலை மேல வச்சு எடுத்தா எதுவுமே அழகு தான். ஆனா ஒரு சுவிட்ச்ச மறந்தா, ஸ்பீடு கூட வச்சு இறங்கினா, இன்ஜின போட்டு வதைச்சா அதுக்கு ஏதாவது பதில் வருதா? வந்தா காசு குடுக்கலாம். வரலன்னா அது வெறும் பொம்மை, கூட வந்த ப்ளேனே போதும்.

இந்த அளவுகோல்ல எனக்கு மேல நிக்கிறது ஏ2ஏ சிமுலேஷன்ஸ்ங்கிற கம்பெனியோட பைப்பர் பிஏ-24 கொமான்சி 250 தான். 2023ல வந்துச்சு. நிஜ கொமான்சி பழைய ப்ளேன், 1956ல முதல்ல பறந்தது, நாலு சீட், ஒத்த இன்ஜின், சக்கரம் உள்ள மடங்கும். பென்சில்வேனியால லாக் ஹேவன்ங்கிற ஊர்ல இருந்த பைப்பர் ஃபேக்டரி 1972ல ஆக்னஸ் புயல் கொண்டு வந்த வெள்ளத்துல மூழ்கினதோட இந்த ப்ளேன் தயாரிப்பே நின்னு போச்சு. அம்பது வருஷம் கழிச்சும் அமெரிக்கால அத வச்சு ஓட்டுற ஆளுங்க நெறைய பேர் இருக்காங்க, காரணம் அதோட வேகம். 250 குதிரை சக்தி லைகமிங் ஓ-540 இன்ஜின், சாதாரணமா 160 நாட் பக்கம் ஓடும், அந்த காலத்து நாலு சீட்டு ப்ளேனுக்கு அது பெரிய விஷயம்.

சரி சிம்ல என்ன? இந்த ப்ளேன் ஞாபகம் வச்சுக்குது. அது தான் முக்கியமான விஷயம். நேத்து நீங்க மாஸ்டர் சுவிட்ச்ச ஆஃப் பண்ணாம சிம்ம மூடிட்டு போனீங்கன்னா இன்னைக்கு வந்து பாக்கறப்போ பேட்டரி இறங்கி கெடக்கும். ஆயில் கொஞ்சம் கொஞ்சமா குறையும், அத நீங்க தான் பாத்து ஊத்தணும். கிளம்பறதுக்கு முன்னாடி ப்ளேன சுத்தி ஒரு நடை நடந்து ஒவ்வொண்ணா பாக்கலாம், பெட்ரோல் டேங்க்ல இருந்து கொஞ்சமா வடிச்சு தண்ணி கலந்திருக்கான்னு பாக்கலாம், ஆயில் ஸ்டிக்க இழுத்துப் பாக்கலாம், ஸ்பீடு அளக்கிற பிட்டாட் குழாய் மேல மாட்டின உறைய கழட்டலாம். கழட்ட மறந்துட்டு ரன்வேல ஓடினா ஸ்பீடு முள்ளு நகராது, அப்ப தான் தெரியும். காக்பிட்டுக்குள்ள காட்டுற டேப்லெட்ல ஒரு மெயின்டனன்ஸ் பக்கம் இருக்கு, அங்க ஒவ்வொரு சிலிண்டரோட கம்ப்ரெஷனும் தெரியும், நீங்க இன்ஜின எப்படி நடத்தினீங்களோ அது அப்படியே அதுல பதிஞ்சிருக்கும்.

ஒரு விஷயத்த கிட்டத்துல இருந்து சொல்றேன். தரையில நின்னு மிக்சர (காத்தோட கலக்கிற பெட்ரோல் அளவ மாத்துற லீவர்) ஃபுல்லா உள்ள தள்ளி வச்சு ரொம்ப நேரம் ஐடில்ல ஓட விட்டீங்கன்னா ஸ்பார்க் ப்ளக்ல கரி படியும். அத நீங்க உடனே பாக்க மாட்டீங்க. ரன்வே பக்கத்துல போய் நின்னு மேக்னட்டோ (ஸ்பார்க் ப்ளக்குக்கு கரண்ட் குடுக்கிறது, ரெண்டு இருக்கும்) செக் பண்ணும்போது, ஒரு பக்கம் மாத்தின உடனே இன்ஜின் தடதடன்னு ஆடும், ஆர்பிஎம் இருக்க வேண்டியத விட நல்லா இறங்கும். நிஜத்துல பைலட் என்ன பண்ணுவாரோ அதையே இங்கயும் பண்ணலாம், ஆர்பிஎம்ம ஏத்தி மிக்சர மெதுவா வெளிய இழுத்து கொஞ்ச நேரம் சூடா எரிய விட்டா கரி எரிஞ்சு போய் சத்தம் சீராகும், திரும்ப செக் பண்ணா சரியா இருக்கும். அந்த சத்தம் மாறுறத ஹெட்ஃபோன்ல கேட்டுப் பாருங்க. இது எதையும் எந்த மெனுலயும் யாரும் எழுதி வைக்கல, அந்த இன்ஜின் உள்ளுக்குள்ள அப்படி வேலை செய்யுது, அவ்வளவு தான்.

இன்னொண்ணு கார்புரேட்டர் ஐஸ். நம்ம பக்கம் ஏது ஐஸ்னு நெனைக்க வேணாம். ஜூன் ஜூலைல லைவ் வெதர போட்டுட்டு கோயம்புத்தூர்ல கிளம்பி பாலக்காட்டு கணவாய் வழியா கொச்சிக்கு போங்க, தென்மேற்கு பருவக்காத்து எதிர்ல முட்டும், வலது பக்கம் நீலகிரி இடது பக்கம் ஆனமலை ரெண்டுமே மேகத்துக்குள்ள இருக்கும், நடுவுல கணவாய் மட்டும் தாழ்வா திறந்திருக்கும். வெளிய இருபது டிகிரிக்கு மேல இருந்தாலும் அந்த ஈரக் காத்து கார்புரேட்டருக்குள்ள போய் குளிர்ந்து உறையும், அதுவும் பவர் குறைச்சு இறங்கும்போது. ப்ரொப்பல்லர் தானா அட்ஜஸ்ட் ஆகிற வகை, அதனால ஆர்பிஎம் மாறாது, இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்த காட்டுற மேனிஃபோல்ட் ப்ரெஷர் முள்ளு மட்டும் சத்தமில்லாம இறங்கிட்டே வரும். கார்புரேட்டருக்கு சூடான காத்து விடுற கார்ப் ஹீட்ட இழுத்தா முதல்ல இன்னும் கொஞ்சம் இறங்கும், பயந்து திரும்ப தள்ளிடாதீங்க, ஐஸ் உருகினதும் மேல ஏறும். இத நான் புத்தகத்துல படிச்சிருந்தேன், ஆனா அந்த முள்ளு கணவாய்க்கு நடுவுல இறங்கறத கண்ணால பாத்தப்போ தான் மனசுல நின்னுச்சு.

லேண்டிங் தனி கதை. கொமான்சியோட இறக்கை தரைக்கு ரொம்ப பக்கத்துல இருக்கும், அஞ்சு பத்து நாட் கூட வச்சு வந்தீங்கன்னா ரன்வேய தொடாம மிதந்துட்டே போகும், தள்ளி கீழ வச்சா எகிறும். சரியான ஸ்பீடுல வந்து பொறுமையா பிடிச்சு வச்சா மட்டும் இறங்கும். இந்த மிதப்ப இவ்வளவு சரியா நான் வேற எந்த சின்ன ப்ளேன்லயும் பாக்கல.

குறைன்னு சொன்னா, இதுல பெரிய தூரம் போக முடியாது, நேரம் ஆகும், அப்புறம் ஆட்டோபைலட்ட போட்டுட்டு டீ குடிக்க போற மாதிரி ஆளுக்கு இது ஒத்து வராது. கம்ப்யூட்டர் ஸ்க்ரீன் நெறைஞ்ச காக்பிட் தான் வேணும்னா இது உங்களுக்கு இல்ல.

அப்படி வேணும்ங்கிறவங்களுக்கு ஃபீனிக்ஸ்ங்கிற கம்பெனியோட ஏர்பஸ் ஏ320. 2022 மே மாசம் வந்தது, அதே மாசம் தான் பிஎம்டிஜிங்கிற ஆட்ஆன் கம்பெனியோட போயிங் 737-700ம் எம்எஸ்எஃப்எஸ்க்கு வந்துச்சு, சிம் ஆளுங்களுக்கு அது ஒரு திருவிழா மாசம். ஃபீனிக்ஸ் வெலை வந்தப்போ 49.99 பவுண்ட், வரி சேக்காம அப்பவே நம்ம காசுக்கு அஞ்சாயிரத்துக்கு கொஞ்சம் குறைவு. சின்ன தொகை இல்ல, அதனால யோசிச்சு தான் வாங்கணும்.

இதோட சிஸ்டம் எல்லாம் சிம்முக்கு வெளிய ஒரு தனி ப்ரோக்ராமா ஓடுது, அதனால பிசில தான் ஓடும். ப்ரோசிம்னு ஒரு கம்பெனி, ஃபுல் சைஸ் காக்பிட் கட்டுறவங்களுக்கு ஏ320 சாஃப்ட்வேர் பண்றவங்க, அவங்களோடது தான் இதுக்கு அடித்தளம். அது உக்காந்து ஓட்டும்போது தெரியுது. இன்ஜின் ஸ்டார்ட் பண்றப்போ ஏபியூ ப்ளீட் சுவிட்ச்ச (வால்ல இருக்கிற சின்ன இன்ஜின்ல இருந்து காத்து எடுக்கிறது) மறந்துட்டு இன்ஜின் மாஸ்டர் சுவிட்ச்ச போட்டா ஒண்ணும் சுத்தாது, என்2 (இன்ஜினோட உள்பகுதி சுத்துற வேகம்) அப்படியே கெடக்கும், ஏன்னா இன்ஜின சுத்த வைக்கிற காத்தே வரல. பின்னாடி சுவத்துல இருக்கிற சர்க்யூட் ப்ரேக்கர்கள இழுக்கலாம், இழுத்தா அதோட சேந்த சிஸ்டம் நிஜமாவே செத்து போகும், ப்ளேனோட நிலவரத்த காட்டுற ஈகாம் ஸ்க்ரீன்ல அதுக்கான மெசேஜ் வரும், அந்த மெசேஜ்ல இருக்கிறத வரிசையா பண்ணி வெளிய வரலாம்.

ஏர்பஸ் கத்துக்கிறவங்க எல்லாருமே மாட்டுற ஒரு இடம் இருக்கு, அதுல ஃபீனிக்ஸ் எப்படி நடந்துக்குதுன்னு சொல்றேன். ஏர்பஸ்ல ஸ்பீடு குமிழ உள்ள தள்ளினா கம்ப்யூட்டர் பாத்துக்கும், வெளிய இழுத்தா நாம சொல்ற ஸ்பீடு. தள்ளி விட்டுட்டு போட்ட ரூட்லயே போனா இறங்கற நேரத்துல ஒரு புள்ளி வரும், அங்க தானாவே அப்ரோச் ஃபேஸுக்கு மாறி ஸ்பீட குறைக்க ஆரம்பிக்கும். ஆனா வாட்சிம்ல (நிஜ ஆளுங்களே ஏர் ட்ராஃபிக் கண்ட்ரோலரா இருக்கிற நெட்வொர்க்) ஆன்லைன்ல பறக்கறப்போ கண்ட்ரோலர் நம்மள ரூட்ட விட்டு வெளிய எடுத்து ஹெட்டிங் குடுத்து திருப்புவாரு, அப்போ அந்த புள்ளிய தாண்டினாலும் கம்ப்யூட்டர் மாறாம இருந்துடலாம், நீங்க போய் ஃப்ளைட் கம்ப்யூட்டரோட பெர்ஃப் பக்கத்துல ஆக்டிவேட் அப்ரோச்ச ரெண்டு தடவ அமுக்கணும். அமுக்கலன்னா 250 நாட்ல ரன்வேய நோக்கி பாஞ்சிட்டு இருப்பீங்க. நிஜ ஏ320ல இதே தான் நடக்கும், ஃபீனிக்ஸ்லயும் இதே தான். கூட வர்ற சாதா ப்ளேன்ல இந்த மாதிரி இடத்துல எல்லாம் என்னவோ பண்ணி சமாளிச்சிடும், அதனால நாமளும் கத்துக்க மாட்டோம்.

சென்னை மதுரை ரூட்டுக்கு இத விட பொருத்தமா ஒண்ணும் கிடையாது. நேர்க்கோட்டுல 230 நாட்டிக்கல் மைல் பக்கம் தான், ஏறி கொஞ்ச நேரத்துல இறங்க ஆரம்பிக்கணும், அதனால வேலை தொடர்ந்து இருக்கும், போர் அடிக்காது. சிம்ப்ரீஃப்ங்கிற வெப்சைட்ல ஃப்ளைட் ப்ளான் போட்டு காக்பிட்ல இருக்கிற டேப்லெட்ல ஒரு தட்டு தட்டினா எல்லாம் வந்துடும், சிம்ப்ரீஃப் ஃப்ரீ தான். சென்னைல நிக்கும்போது ஏடிஐஆர்எஸ் (ப்ளேன் எங்க இருக்கு, எந்த பக்கம் திரும்பியிருக்குன்னு கணக்கு போடுற கருவி) அலைன் ஆக ஐரோப்பால ஆகிற நேரத்த விட குறைவா ஆகும், பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருந்தா சீக்கிரம் ஆகும், அதான் காரணம். மதுரை ரன்வே சென்னைய விட நல்லா சின்னது, ரெண்டே கால் கிலோமீட்டர் சொச்சம் தான், அதனால இருபது அடில ரிடார்ட்னு குரல் வந்ததும் லீவர இழுக்காம மிதக்க விட்டீங்கன்னா ரன்வே கடகடன்னு தீந்துட்டே வரும்.

2024ல வந்த பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் ஐஏஇ வி2500 இன்ஜினும் சேந்துச்சு, இண்டிகோவோட பழைய ஏ320 எல்லாம் அந்த இன்ஜின் தான், அந்த சத்தத்த ஜன்னல் சீட்ல உக்காந்து கேட்டவங்களுக்கு உடனே தெரியும். ஏ319, ஏ321 வேணும்னா தனியா காசு கட்டி சேத்துக்கலாம். ஆனா ஒரே விஷயம், பிசி கொஞ்சம் பலமா இருக்கணும். ஸ்க்ரீன்கள சிபியுல ஓட்டறதா ஜிபியுல ஓட்டறதான்னு அவங்க ஆப்ல மாத்திக்கலாம், 8 ஜிபி கார்டு வச்சிருக்கறவங்க ரெண்டையும் ஓட்டிப் பாத்து எது உங்களுக்கு சரியா வருதோ அத வச்சுக்கோங்க. கொமான்சி முள்ளு மீட்டர் ப்ளேன், என் பிசில இந்த தொல்லை அதுல இல்ல.

இப்ப காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு முக்கியமான விஷயம். ஏர்பஸ் உங்களுக்கு ஒத்து வருமான்னு தெரியாம ஃபீனிக்ஸ் வாங்க வேண்டிய அவசியமே இல்ல. ஃப்ளைபைவயர்னு ஒரு குழு, தன்னார்வலர்கள் சேந்து ஏ320நியோவ ஓப்பன் சோர்ஸா பண்றாங்க, முழுக்க ஃப்ரீ. 2020ல சிம் வந்த கொஞ்ச நாள்லயே ஆரம்பிச்சது. ஃப்ரீன்னு லேசா நெனைச்சிடாதீங்க, காசுக்கு விக்கிற பல ஏர்பஸ்ஸ விட இது நல்லா நடந்துக்கும், ஃப்ளைட் கண்ட்ரோல் லாஜிக் எல்லாம் பிரமாதமா பண்ணியிருக்காங்க. அதுக்கு மேல அவங்க எழுதி வச்சிருக்கிற பிகினர் கைட், காக்பிட் இருட்டா இருக்கிறதுல இருந்து இறங்கி நிறுத்தறது வரைக்கும் ஒவ்வொரு சுவிட்ச்சா சொல்லிக் குடுக்கும், ஏர்பஸ் படிக்க நெனைக்கிற யாருக்கும் நான் முதல்ல அனுப்பறது அந்த கைட தான். ஏ380யும் ஃப்ரீயா குடுத்திருக்காங்க. ஒரு மாசம் ஃப்ளைபைவயர ஓட்டுங்க, அதுக்கப்புறமும் இன்னும் ஆழமா போகணும், ஃபெயிலியர் எல்லாம் போட்டு பழகணும்னு தோணுச்சுன்னா அப்ப ஃபீனிக்ஸ்க்கு காசு குடுங்க.

போயிங் ஆளுங்களுக்கு பிஎம்டிஜி தான், அதுல பெரிய யோசனை தேவையில்ல, 737 இருக்கு, 2024ல 777-300ஈஆர் வந்துச்சு. 737-800 வந்தப்போ 74.99 டாலர். ஆனா பிஎம்டிஜில எனக்கு ரொம்ப பிடிச்சது அவங்களோட டிசி-6, நாலு பிஸ்டன் இன்ஜின் வச்ச பழைய காலத்து பயணிகள் ப்ளேன், ஃப்ளைட் இன்ஜினியர் வேலைய சிம்மே பாத்துக்கிற மாதிரி ஒரு வசதி வச்சிருக்காங்க, தனி ஆளா ஓட்ட முடியும். நேரம் இருக்கிறவங்க பாருங்க.

நம்ம ஊர் சின்ன ஏர்போர்ட்டுக்கெல்லாம் ஓட்டணும்னா ஏடிஆர் 72-600 இருக்கு, 2023ல சிம்முக்குள்ள இருக்கிற மார்க்கெட்ப்ளேஸ்ல வந்தது. சென்னைல இருந்து தூத்துக்குடி, சேலம்னு இண்டிகோ ஏடிஆர் போற ரூட்டெல்லாம் அப்படியே ஓட்டலாம். ஃபீனிக்ஸ் அளவு ஆழம் கிடையாது, ஆனா அந்த ரூட்டுக்கு அந்த ப்ளேன்ங்கிற சந்தோஷம் பெருசு.

எக்ஸ்-ப்ளேன் 12ங்கிற இன்னொரு சிம் வச்சிருக்கறவங்க ஜிபோ 737-800ங்கிற ஆட்ஆன இறக்கிக்கோங்க, ஃப்ரீ, அது இருக்கும்போது வேற 737 தேட வேணாம். ஏர்பஸ்னா டோலிஸ் கம்பெனியோடது. எக்ஸ்-ப்ளேன்ல தரை படம் எம்எஸ்எஃப்எஸ் அளவுக்கு வராது, ஆனா நெட் வேகம் கம்மியா இருக்கிற ஊர்ல இருக்கறவங்களுக்கு அது தான் நிம்மதி, எல்லாம் நம்ம டிஸ்க்லயே இருக்கும். எம்எஸ்எஃப்எஸ் 2024 ரொம்பவே நெட்ட நம்பி ஓடுது, 50 எம்பிபிஎஸ் இருந்தா நல்லதுன்னு அவங்களே போட்டிருக்காங்க, டேட்டா லிமிட் இருக்கிற ப்ராட்பேண்ட்னா கணக்கு பாத்துக்கோங்க.

ஜாய்ஸ்டிக் பத்தி கேப்பீங்க. கீபோர்ட்ல கொமான்சி ஓட்ட வேணாம், அதோட அருமையே கையில தான் தெரியும். திருப்பினா ரட்டர் வேலை செய்யிற சாதாரண ஜாய்ஸ்டிக் ஒண்ணு போதும், லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ மாதிரி. ஏ320க்கு அது இன்னும் நல்லாவே பொருந்தும், நிஜத்துலயும் அதுல இருக்கிறது சைடுஸ்டிக் தான். பெரிய யோக் (ஸ்டீயரிங் மாதிரி இருக்கிறது), த்ராட்டில் செட் எல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி அந்த காசுல ஒரு நல்ல ப்ளேன் வாங்குங்கன்னு தான் நான் சொல்லுவேன். தலைய திருப்பினா காக்பிட்டும் திரும்பணும்னா ஓப்பன்ட்ராக்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, வெப்கேம் இருந்தாலே போதும்.

வாங்கறப்போ கவனிக்க வேண்டியது: ஏ2ஏ, ஃபீனிக்ஸ் ரெண்டுமே வெளிநாட்டு கடை, கார்டுல இன்டர்நேஷனல் ட்ரான்சாக்ஷன் ஆன்ல இருக்கணும், நம்ம பேங்க்ல பெரும்பாலும் அது ஆஃப்ல தான் இருக்கும், ஆப்ல போய் மாத்திக்கலாம், வாங்கி முடிச்சதும் திரும்ப ஆஃப் பண்ணிடுங்க. டவுன்லோட் பண்ணிட்டா பெரும்பாலான ஆட்ஆன் கடையில காசு திரும்ப வராது, ஸ்டீம்ல கேம் வாங்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ள விளையாடிப் பாத்துட்டு திருப்பி குடுக்கிற பழக்கம் இங்க செல்லாது. அதனால யூட்யூப்ல வீடியோ பாக்கறப்போ ட்ரெய்லர பாக்காதீங்க, யாராவது ஒரு நிஜ பைலட் கேட்ல இருந்து கேட் வரைக்கும் கட் பண்ணாம ஓட்டுற வீடியோவ பாருங்க, எங்க அவரு முகம் சுளிக்கிறாருன்னு பாருங்க. ஆட்ஆன் எம்எஸ்எஃப்எஸ் 2020க்கா 2024க்கா, ரெண்டுக்குமான்னு கடை பக்கத்துல தெளிவா போட்டிருப்பாங்க, அத படிக்காம கார்ட் நம்பர் போடாதீங்க. ஏ2ஏ, ஃபீனிக்ஸ் ரெண்டுல ஒண்ணு தான் வாங்க முடியும், தெனமும் ராத்திரி ஒரு மணி நேரம் தான் கிடைக்கும்னா கொமான்சி வாங்குங்க, சனி ஞாயிறு ரெண்டு மூணு மணி நேரம் நிம்மதியா உக்கார முடியும்னா ஃபீனிக்ஸ்.